விசுவாசம் யாருக்கு? - ஒலிப்பதிவின் தரம், உழைப்பு, காது

1

ஹை-ஃபை என்கிற சொல்லைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் 'மேலான விசுவாசம்' என்று வரும். விசுவாசம் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் ஒரு வரலாறு உண்டு. பண்ணையாளிடம் எதிர்பார்க்கப்பட்டது விசுவாசம். நாயிடம் எதிர்பார்க்கப்படுவதும் அதுதான். கிராமஃபோன் கம்பெனி தன் அடையாளமாக வைத்துக்கொண்ட படத்தில் ஒரு நாய் புனலின் வாயருகே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது. படத்தின் பெயர் 'எஜமானின் குரல்'. பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் அதை முதலில் எடிசனின் உருளை எந்திரத்தோடுதான் வரைந்தார். 1899இல் கம்பெனி விலைக்கு வாங்கும்போது அதன் மேலேயே கிராமஃபோனை வரைந்து மாற்றிக்கொடுத்தார். அசலுக்கு விசுவாசம் என்று உலகம் பூராவும் விளம்பரம் செய்த படமே திருத்தி எழுதப்பட்ட ஒரு பிரதி. ஒலிப்பதிவின் தரம் பற்றிப் பேச வருகிற யாரும் இந்த நாயைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

கொஞ்சம் பணம் சேர்த்து நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடிக்கிற ஒரு விஷயம் உண்டு. அதுவரை உயிராக இருந்த பாட்டுகளில் பாதியைக் கேட்கவே முடியவில்லை. டீக்கடை ரேடியோவில் இனித்தது இங்கே தட்டையாக, மூக்கடைத்துக் கேட்கிறது. காரணம் எளிமையானது. சின்ன ஸ்பீக்கர் கீழ்ச்சுரங்களையும் உச்சச் சுரங்களையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் தரும். எல்லாப் பாட்டையும் ஒரே ஜல்லடையில் சலிப்பதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நல்ல செட் சலிப்பதில்லை. நாடாவின் இரைச்சல், மைக் வைத்த இடம், அறையின் எதிரொலி, பாடகர் மூச்சு வாங்கிய கணம், அவசரத்தில் விட்டுப்போன பிசிறு எல்லாவற்றையும் அது அப்படியே எடுத்து வைக்கிறது. செட் நல்லதாக ஆக ஆக ஆல்பங்களுக்கு இடையிலான வித்தியாசம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இந்த இடத்தில்தான் ரசிகரின் தீர்ப்பு வருகிறது: "பாட்டு நல்லாத்தான் இருக்கு, ரெக்கார்டிங் சரியில்ல." தீர்ப்பு அதோடு முடிந்துவிடுகிறது. ஏன் சரியில்லை, யாருக்குச் சரியாக அமைந்தது, யாருக்கு அமையவில்லை என்ற கேள்விகள் கேட்கப்படுவதில்லை. திறமை, கவனம், ரசனை என்ற தனிநபர் குணங்களாக விஷயம் சுருங்கிவிடுகிறது. விமர்சனம் தொடங்க வேண்டிய இடத்தில் நுகர்வோர் தன் வேலையை முடித்துக்கொண்டுவிடுகிறார். ஒலிப்பதிவின் தரம் என்பதை ஒரு உற்பத்தி உறவாக வாசிக்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

1902இல் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. புனலுக்குள் கத்திப் பாட வேண்டும். குரலின் அதிர்வு நேராக ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸிலிருந்து 2500 ஹெர்ட்ஸ் வரைதான் அது ஓரளவுக்குப் பிடித்தது. மிருதங்கத்தின் அடித்தொனி உள்ளேயே வரவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் மடக்கிக் கொடுத்தவர்கள்தான் இசைத்தட்டுக் கலைஞர்களாக நிலைத்தார்கள். 1925இல் மின்வழிப் பதிவு வந்த பிறகுதான் மைக்கின் முன் சாதாரணமாக நின்று பாட முடிந்தது.

அந்தத் தட்டுகள் எதனால் செய்யப்பட்டவை? அரக்கால். சோட்டாநாக்பூர் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சிப் பிசின் அது. உலகம் முழுவதும் இசைத்தட்டுத் தொழில் அதை நம்பித்தான் பல பத்தாண்டுகள் ஓடியது. தட்டு சுழலும்போது கேட்கும் அந்தக் கரகரப்பில் அரக்கோடு கலந்த கல்தூளின் சத்தமும் இருக்கிறது. பழைய தட்டின் இரைச்சலைக் கணினியில் துடைத்து எடுப்பதை இன்று 'சுத்தம் செய்வது' என்கிறார்கள். எதைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

அடோர்னோ 1927இல் எழுதிய 'ஊசியின் வளைவுகள்' என்ற சிறு கட்டுரையில் ஒரு விசித்திரமான வாதம் வைக்கிறார். ஆண்குரல்தான் கிராமஃபோனில் ஒழுங்காக வரும், பெண்குரலுக்கு அதைத் தாங்குகிற உடலின் இருப்பு தேவை, தட்டில் உடல் இல்லாததால் அது குறைப்பட்டு ஒலிக்கிறது என்கிறார். மேற்கின் பெண்குரலை, மேற்கின் வீட்டு அறையில் வைத்துக் கேட்ட காது சொல்வது இது. கே.பி. சுந்தராம்பாளின் தட்டுகளைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று வளர்ந்த தொண்டை அது. 78 சுற்றுத் தட்டின் குறுகிய ஒலிவெளியை அந்தக் குரல் நிரப்பி வழிகிறது. நல்ல செட்டில் அந்தத் தட்டைப் போட்டால் தெரிவது பதிவின் வறுமை. அந்த வறுமைக்குள் அடங்க மறுக்கிற ஒரு உடலும் கூடவே தெரிகிறது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்துபோனார். அவருடைய குரல் என்று நமக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டுகள் மட்டுமே. இதைப் போய் 'மோசமான ரெக்கார்டிங்' என்று அலமாரியில் ஒதுக்கி வைப்பதற்கு ஒரு தனி வகைச் செவிட்டுத்தனம் வேண்டும்.

மைக் வந்த பிறகு குரல் மாறியது. கடைசி வரிசைக்குப் பாட வேண்டிய அவசியம் போனது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் போன்றவர்களின் தணிந்த குரல் மைக் இல்லாமல் சாத்தியமே இல்லை. 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் முறை வந்தது என்பார்கள். அதற்கு முன்னால் நடிகரே கேமராவுக்கு முன் பாட வேண்டும், வாத்தியக்காரர்கள் பிரேமுக்கு வெளியே மறைந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த அந்த ஒலி, திரையரங்கின் கொம்பு ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. இன்றைய செட் 20000 ஹெர்ட்ஸ் வரை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. வரவேண்டியது வரவில்லை என்று அது நமக்குச் சொல்கிறது. கொட்டகைக்கென்று செய்த ஒன்றை வரவேற்பறையில் வைத்து விசாரணை செய்கிறோம் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

3

பிறகு கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த இந்தச் சின்னப் பெட்டிக்குள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் நான்கு தடங்கள். வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டுடியோவில் அதே பாட்டு நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில், பல மடங்கு அகலமான நாடாவில் பதிவாகியிருக்கும். பெருமளவில் நகல் எடுக்கும்போது பல மடங்கு வேகத்தில் ஓட்டி எடுப்பார்கள், உச்சச் சுரங்கள் அங்கேயே கொஞ்சம் உதிர்ந்துவிடும். பெஞ்சமின் 1936இல் நகலெடுப்பு யுகத்தின் கலை பற்றி எழுதியபோது ஒளிவட்டம் உதிர்வதைப் பற்றிப் பேசினார். நம் ஊரில் உதிர்ந்தது ஜால்ராவின் ஓசை.

ஆனால் கேசட் செய்த இன்னொரு காரியத்தை ஹை-ஃபை ரசிகர் மறந்துவிடுகிறார். எண்பதுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒரு கடை இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷ நாடாவிலோ 90 நிமிஷ நாடாவிலோ ஏற்றித் தருவார்கள். கம்பெனி தொகுத்த ஆல்பத்துக்குப் பதிலாக, கேட்பவரே தொகுத்த ஆல்பம். ஒரு படத்தின் பாட்டுக்குப் பக்கத்தில் வேறொரு படத்தின் பாட்டு, இடையில் ஒரு கட்சி மேடைப் பாட்டு, கடைசியில் மிச்சமிருக்கிற நிமிஷத்துக்கு பாதியில் அறுந்துபோகிற ஒரு பாட்டு. மூலத் தட்டு தேய்ந்தது, கடைக்காரரின் டெக்கில் தலை அழுக்கு, நாடா மலிவு. தரம் என்ற அளவில் இது கீழ்ப்படிதான். ஆனால் இசைத்தட்டு வாங்கவே முடியாதவர்கள் முதன்முதலாகத் தங்கள் வரிசையைத் தாங்களே எழுதினார்கள். தரத்தின் வீழ்ச்சியும் பங்கேற்பின் விரிவும் ஒரே நாடாவின் இரண்டு பக்கங்களாக இருந்தன. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றதைத் திருப்பிப் போடாமல் இருப்பது நியாயமில்லை.

4

அசல் என்ற ஒன்று எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். கச்சேரியைப் பதிவு செய்தால் கச்சேரி அசல், பதிவு நகல் என்று சொல்லலாம். ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஒலிக்கு அப்படி ஒரு அசல் கிடையாது. இளையராஜாவின் 'ப்ரியா' (1978) ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப்பாடல்கள் என்று குறிப்பிடப்படுகிறது. ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று ஒரு வெளியைக் கற்பனை செய்வது. வயலின்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்பது, அங்கே உட்கார்ந்திருந்ததால் மட்டும் வருவதில்லை. அங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கின்றன.

1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்', 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' இரண்டையும் நல்ல செட்டில் கேட்பவர்களுக்கு, அதே காலத்தில் அதே இசையமைப்பாளர் செய்த பல படப்பாடல்களோடு ஒப்பிடும்போது ஒரு திகைப்பு வரும். வயலின் வில்லின் உராய்வு தனியாக, புல்லாங்குழலின் காற்று தனியாக, வாத்தியங்களுக்கு நடுவே இடம் விட்டு நிற்கின்றன. படப்பாடல்களில் இந்த இடம் இல்லை. மூளை ஒன்று, கை ஒன்று, ஊர் ஒன்று. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

படப்பாடல் பதிவு என்பது கால்ஷீட்டுக்குள் நடந்த உழைப்பு. காலை வாத்தியக்காரர்கள் வந்து, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, ஒத்திகை முடித்து, எல்லோரும் சேர்ந்து ஒரே வீச்சில் வாசிக்க வேண்டும். யாராவது ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. தியேட்டர் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. தயாரிப்பாளர் வெளியே காத்திருக்கிறார். ஒலிப்பொறியாளர் எந்த வாத்தியம் எவ்வளவு என்ற முடிவை அந்தக் கணத்திலேயே எடுத்தாக வேண்டும், பிறகு மாற்ற வழி குறைவு. இவ்வளவுக்கு நடுவில் அந்தப் பாட்டுகள் வந்தன என்பதே பெரிய விஷயம். கதைக்கோ நாயகனுக்கோ கட்டுப்படாத தனி இசைத்தொகுப்புக்கு வேறு வகை நேரம் கிடைத்தது. அந்த நேரம் காதுக்குக் கேட்கிறது.

1992இல் 'ரோஜா' வந்தபோது பலரும் சொன்னது 'சவுண்டே வேற' என்றுதான். மெட்டு வேறு என்று சொன்னவர்கள் குறைவு. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவை இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஸ்டுடியோ சொந்தம் என்றால் இரவு சொந்தம். ஒரு குரலைப் பல தடவை எடுத்து, சிறந்த துண்டுகளைப் பொறுக்கி, தாளத்தை ஒரு நாள் வைத்து, அடுத்த வாரம் கழற்றி, கீழ்ச்சுரத்தை மறுபடி கட்டலாம். 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்களின் பெயர் இசையமைப்பாளரின் பெயருக்கு அருகே பேசப்படத் தொடங்கியதும் இந்தக் கட்டத்தில்தான். 1991இன் பொருளாதார மாற்றத்துக்கு மறு ஆண்டே இது வந்ததால் 'தாராளமயத்தின் ஓசை' என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். அது சோம்பேறி வாசிப்பு. ஸ்டுடியோ அதற்கு முன்பே எழுந்துவிட்டது. இங்கே மாறியது வேறு: நேரத்தின் உடைமை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த நேரத்திலிருந்து சொந்த நேரத்துக்கு ஒலிப்பதிவு நகர்ந்தது. கூட்டமாக ஒரே கூடத்தில் மூச்சுவிட்டு வாசித்த வாத்தியக்காரர்கள் தனித்தனியாக வந்து தங்கள் துண்டை வாசித்துவிட்டுப் போகிறவர்கள் ஆனார்கள், பலருக்கு வேலையே இல்லாமலும் போனது. நல்ல செட்டில் நாம் ரசிக்கிற அந்தத் துல்லியமான இடைவெளி, கூடத்திலிருந்து ஆட்கள் எழுந்து போன இடைவெளியும்கூட.

ஆக, ஆல்பத்துக்கு ஆல்பம் தரம் வேறுபடுவது ஏன் என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது. தரம் என்று காதில் விழுவது, பதிவு செய்தவர்களுக்குத் தங்கள் நேரத்தின் மேல் இருந்த உரிமையின் அளவு. முழு விடை இது இல்லை. ஆனால் மைக்கின் விலையைவிட, ஸ்பீக்கரின் பிராண்டைவிட இது அதிகம் விளக்குகிறது.

5

நேரத்தின் மேல் உரிமை இல்லாதவர்கள் நிறையப் பேர் வாழ்கிற ஒரு சாலைக்கு இந்த வாதத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், பிள்ளைப்பாக்கம், வல்லம் என்று நீளும் தொழிற்பேட்டைகள். 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் நிறுத்தியது. அந்த எட்டு ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டு உழைப்பாளர்களின் இசைப்பெட்டி கேசட்டிலிருந்து செல்போனுக்கு மாறியது. செல் கடையில் பத்து இருபது ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான பாட்டு ஏற்றித் தருவார்கள். ரெக்கார்டிங் சென்டரின் வாரிசு அது. 128 கிலோபிட் எம்.பி.3யில் 16000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். போனின் ஸ்பீக்கர் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. ஸ்ரீபெரும்புதூரில் போனைக் கோர்த்த கைகளுக்கு அந்தப் போனில் கேட்கக் கிடைத்த இசை இது.

சுங்குவார்சத்திரத்தில் 2007இலிருந்து சாம்சங் ஆலை டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிறது. உலகளவில் அதே சாம்சங் 2017இல் ஹர்மன் நிறுவனத்தை வாங்கியது. ஜே.பி.எல்., ஹர்மன் கார்டன், ஏ.கே.ஜி. என்று ஹை-ஃபை ரசிகர்கள் பக்தியோடு உச்சரிக்கிற பெயர்கள் இப்படியாக அந்தக் குடையின் கீழ் வந்தன. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாட்கள் சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். குரல் கேட்கப்பட வேண்டும் என்பதைத்தான் அது வேறு சொற்களில் சொல்கிறது. உலகின் மிகச் சிறந்த ஒலிபெருக்கிகளை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் வாசலில் குரல் கேட்பதற்கு 37 நாள் ஆனது என்பதை உருவகமாக ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே நடந்ததுதான்.

காது பற்றி ஹை-ஃபை இலக்கியம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. வாகன உதிரிபாகம் அடிக்கிற பிரஸ் ஷாப்பிலோ, காற்றழுத்தக் கருவிகள் ஓயாமல் சீறுகிற இடத்திலோ நாளுக்கு எட்டு மணி நேரம் நிற்பவருக்கு, 90 டெசிபல் வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்த அளவு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85. ஐந்துதானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் ஐந்து கூடினால் காதில் விழும் ஒலியாற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. ஆனாலும் அது வலிக்காத நோய், ரத்தம் வராத விபத்து.

அந்த இழப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம். எல்லாச் சுரங்களும் ஒன்றாகக் குறைவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பள்ளம் விழுகிறது, பிறகு அகலமாகிறது. பேச்சில் ச, ஸ போன்ற உரசல் ஒலிகள் மங்கும். சந்தடியில் பேசினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. இசையில் வில்லின் உராய்வும், ஜால்ராவின் மினுக்கும், பறையில் குச்சி படுகிற முதல் 'சட்'டும் போகும். அதாவது நல்ல பதிவையும் மோசமான பதிவையும் வேறுபடுத்திக் காட்டுகிற அதே பகுதி. ஒலிப்பதிவு கேசட்டில் இழந்ததை, எம்.பி.3யில் இழந்ததை நாம் கணக்கிடுகிறோம். ஷிஃப்டில் இழந்ததை யார் கணக்கிடுவது? முப்பது வயதில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் ஒருவருக்கு நாளைக்கே லட்ச ரூபாய் செட்டை இனாமாகக் கொடுத்தாலும், அவர் காதுக்கு எல்லா ஆல்பமும் ஒரே மாதிரிதான் கேட்கும். வித்தியாசத்தைக் கேட்கும் சக்தியே இங்கே வர்க்கமாகப் பங்கிடப்படுகிறது.

கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஓடுகிற பாட்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும். தொண்ணூறுகளிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்களை மேலும் மேலும் சத்தமாக்கும் போட்டி நடந்தது. தணிந்த இடங்களை உயர்த்தி, உயர்ந்த இடங்களை நசுக்கி, ஒரே மட்டமாகத் தட்டுவார்கள். குறுந்தகட்டுக்கு ஏறத்தாழ 96 டெசிபல் இறக்க ஏற்றம் சாத்தியம். அதில் கடைசிச் சில டெசிபலுக்குள்ளேயே முழு ஆல்பத்தையும் அடைத்தார்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) வந்தபோது ரசிகர்களே எதிர்த்தார்கள், வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் நன்றாக இருந்ததைக் கண்டுபிடித்து. பழைய தமிழ்ப் பாட்டுகளின் பல மறுபதிப்புகளும் இப்படித்தான் தட்டப்பட்டு வந்திருக்கின்றன. நல்ல செட்டில் அவை அயர்ச்சி தருகின்றன. பஸ்ஸில் அவை மட்டும்தான் கேட்கின்றன. தரக்கேடு என்று ரசிகர் சொல்வது ஒரு வகையில், இரைச்சலில் வாழ்கிறவர்களுக்காகச் செய்யப்பட்ட தகவமைப்பு. இரைச்சலைக் குறைக்காமல் பாட்டைச் சத்தமாக்கினார்கள். குற்றவாளி பாட்டுமில்லை, பஸ்ஸில் தூங்கி வழிகிறவருமில்லை.

6

இதுவரை சொன்னதை வைத்து ஒரு சுலபமான முடிவுக்கு வரலாம். தரம் என்பது மேட்டுக்குடிச் சொல்லாடல், நம் ஜனங்களுக்கு வேண்டியது உள்ளடக்கம், கரகரத்தால் என்ன, செய்தி போய்ச் சேர்ந்தால் சரி. இயக்கங்களில் இது பரவலாக இருக்கிற மனோபாவம். இதை மறுப்பது ஹை-ஃபை பக்தியை மறுப்பதைவிட அவசரமான வேலை.

பறையை யோசித்துப் பாருங்கள். தோலைத் தீயில் காய்ச்சி இறுக்குகிறார்கள். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் தடித்த சின்னக் குச்சி. இரண்டு அடிக்கும் இரண்டு நிறம். அடி விழுகிற முதல் சில மில்லிநொடியில்தான் பறை பறையாக இருக்கிறது, பிறகு வருவது வெறும் அதிர்வு. நசுக்குகிற கருவி முதலில் தின்பது அந்த முதல் மில்லிநொடிகளை. மைக் தாங்காமல் பிளந்தால் எல்லா அடியும் ஒரே 'டப்'. சினிமாப் பாட்டில் பறை வருகிறபோது பெரும்பாலும் மற்ற தாளங்களுக்குக் கீழே, திருவிழா நிறத்துக்காக, கொஞ்சம் தூரத்தில் வைக்கப்படுகிறது. சேரி ஊருக்கு வெளியே இருப்பதைப்போல ஸ்டீரியோ வெளியிலும் அது ஓரத்தில். இதைக் கண்டுபிடிக்க நல்ல செட்தான் வேண்டும். சின்ன ஸ்பீக்கர் இந்தப் பாகுபாட்டை மறைத்துவிடும். மேட்டுக்குடியின் கருவி என்று நாம் தள்ளிவைக்கிற அதே பெட்டி, விமர்சகனுக்குச் சாட்சியாகிறது.

இயக்கப் பாடல்களுக்கு வருவோம். கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடிய பாட்டுகளை, இன்குலாபின் 'மனுசங்கடா'வை, நேரில் கேட்டவர்கள் அந்தக் குரல் கூட்டத்தை எப்படி எழுப்பியது என்று சொல்வார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இயக்கங்கள் வெளியிட்ட ஒலிநாடாக்கள் பலவற்றில் அந்த எழுச்சியின் நிழல்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரே ஒரு மைக், அது ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில். முன்னணிப் பாடகர் கேட்கிறார். பின்னால் நின்று பதிலுக்குப் பாடுகிற பெண்கள் ஒரு மங்கலான 'ஓ'வாக இருக்கிறார்கள். கூட்டுக்குரல் என்று அட்டையில் போட்டிருக்கிறது, கூட்டு இல்லை. பணம் இல்லாததால் மட்டும் இது நடந்ததாகச் சொல்ல முடியாது. மைக்கை எங்கே வைப்பது என்பதற்குப் பணம் தேவையில்லை. பாட்டைச் செய்தியின் வாகனமாக மட்டும் பார்த்த அழகியல், யார் குரல் கேட்க வேண்டும் என்ற முடிவைத் தன்னையறியாமல் எடுத்திருக்கிறது. அந்த முடிவு தலைமை மேடையின் முடிவாகவே இருந்திருக்கிறது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோது நடந்த மாற்றத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதிப்பிட முடியும். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் வந்தது பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கானாக் குரலுக்கும் தோல்வாத்தியத்துக்கும் ராக் கச்சேரிக்குக் கிடைக்கிற ஒலியமைப்பு கிடைத்தது பற்றி எழுதியவர்கள் குறைவு. சாவு வீட்டு வாசலில், டேப்ரெக்கார்டரின் உள்மைக்கில் பதிவாகிச் சுற்றிவந்த ஒரு இசைக்கு அது ஒரு உரிமைக்கோரல்.

நல்ல பதிவு கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதா? 2021இல் வெளியான 'என்ஜாயி எஞ்சாமி'யைக் கேட்டால் ஒலி குறித்து யாரும் குறை சொல்ல முடியாது. கீழ்ச்சுரம் தரையிலிருந்து எழுகிறது, குரல்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டு மற்றவர்கள் இருந்தபோது, பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. அதைக் கேள்வி கேட்டு எழுந்த குரல்கள் நினைவிருக்கும். பல தலைமுறை நிலமற்றவர்களின் கதையைத் துளி பிசிறில்லாமல் பதிவு செய்ய முடிந்த ஒரு காலத்துக்கு, ஒரு பெயரைப் பிசிறில்லாமல் பதிவு செய்ய முடியவில்லை. ஒலிக்கு விசுவாசம் கூடியிருக்கிறது. உழைத்தவருக்கு விசுவாசம் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

7

இரண்டு நிலைப்பாடுகளையும் விட்டு வெளியே வர வேண்டும். ஒன்று, தரத்தை அளவீடாக்கி, பட்டியலிட்டு, மோசமானவற்றை ஒதுக்குகிற ரசிகனின் நிலைப்பாடு. இன்னொன்று, தரத்தையே பூர்ஷ்வா சமாச்சாரம் என்று தள்ளி, நம்மவர்களுக்குக் கரகரப்பே போதும் என்று முடிவு கட்டுகிற தோழரின் நிலைப்பாடு. இரண்டாவதில் ஒரு பெருந்தன்மை தெரிவதுபோல இருக்கும். ஏழைக்குப் புழுத்த அரிசி போதும் என்பதன் வேறு வடிவம் அது.

ஒலிப்பதிவைப் பிரதியாக வாசிக்கப் பழக வேண்டும். ஒரு ஆல்பத்தைக் கேட்கும்போது இங்கே யாருக்கு நேரம் இருந்தது, யார் மைக்குக்கு அருகே நிறுத்தப்பட்டார்கள், எந்த வாத்தியம் எந்த மூலையில் வைக்கப்பட்டது, எந்த ஒலி இரைச்சல் என்று துடைக்கப்பட்டது என்று கேட்பது இலக்கிய விமர்சனம் ஏற்கெனவே செய்கிற வேலையின் நீட்சிதான். நாவலில் யார் பேசுகிறார்கள் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பாட்டில் யார் கேட்கப்படுகிறார்கள் என்று கேட்கத் தெரியாமல் போக வேண்டியதில்லை. ழாக் அத்தாலி 1977இல் இசையை அதிகாரம் இரைச்சலை ஒழுங்குபடுத்துகிற முறையாகப் படித்தார். நம்மிடம் அந்தப் படிப்புக்கு வேண்டிய பொருள் குவிந்து கிடக்கிறது. யாரும் கேசட்டுகளை எடுத்துப் போட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டுகளும் நிரந்தரம் இல்லை. இயக்கத் தோழர்கள் வீடுகளில், பரண்களில், சாக்குப் பைகளில் கிடக்கிற நாடாக்களில் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. தலை சுத்தமான ஒரு நல்ல டெக்கில் போட்டு, நசுக்காமல், இரைச்சலைத் துடைக்காமல், முழு அளவில் கணினிக்கு மாற்ற ஒரு நாடாவுக்கு அது ஓடுகிற நேரம்தான் ஆகும். யார் பாடினார்கள், யார் அடித்தார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கூடவே எழுதி வைக்க வேண்டும். பின்னால் நின்று பாடிய பெண்களின் பெயர்கள் உட்பட.

ஒரகடம் சாலையில் சங்கங்கள் வைக்கிற கோரிக்கைகளில் ஆண்டுக்கொரு முறை செவித்திறன் பரிசோதனை, அதன் முடிவைத் தொழிலாளியின் கையில் தருவது, எந்திரத்திலேயே சத்தத்தைக் குறைப்பது என்பவையும் சம்பளத்துக்கும் அங்கீகாரத்துக்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டும். காதில் சொருகப் பஞ்சு கொடுத்துவிட்டோம் என்பது பதில் ஆகாது. இதை ஒரு இசை விமர்சனக் கட்டுரையில் சொல்வது பொருத்தமில்லை என்று நினைப்பவர்கள் இருக்கலாம். கேட்கிற காது இல்லாமல் எந்த ஆல்பத்தின் தரத்தைப் பற்றி நாம் பேசப்போகிறோம்?